அவள் மூச்சு வாங்காத இடத்தில்

தான் மூச்சு வாங்காத இடத்தில் தன்னுடைய மூச்சு கேட்டது என்பதைத் தமயந்தி மறுபடியும் நினைத்தாள். இனி நினைப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வரிசையில் வந்து நின்றிருந்தாள். ஆனால் பாளையங்கோட்டை மைதானத்துப் படிக்கட்டுகளுக்கு அடியில் ஓடும் அந்த நீண்ட நடைவழியில், வெயில் வாசலோடு நின்றுவிட, வியர்வையும் புதுச் சீருடையின் கஞ்சியும் கலந்து மணக்க, பொருநை மகளிர் முரசணியின் நாற்பது பெண்களும் முரசுகளைச் சுமந்தபடி தங்கள் முறைக்குக் காத்திருக்கும் வேளையில், நினைப்பதைத் தவிரச் செய்வதற்கு வேறென்ன இருக்கிறது. வெளியே வேறோர் ஊரின் அணி களத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வு சுவர் வழியாக இறங்கி அவள் முதுகில் ஏறியது. அவளிடம் முரசு இல்லை. உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும் மோர்சிங் ஒன்றுதான் இருந்தது. இரும்பு வளையத்தின் நடுவே மெல்லிய இரும்பு நாக்கு. பல்லில் பொருத்தி விரலால் சுண்டினால் வாசிப்பவளின் மண்டைக்குள் பெரிய மணியாக ஒலிக்கும், நாலடி தள்ளி நிற்பவளுக்கு வண்டின் முனகலாக மட்டுமே கேட்கும். அதனால்தான் காலரில் மைக், இடுப்பில் அதற்கான சின்னப் பெட்டி, களத்தின் ஓரத்தில் ஆளுயர ஸ்பீக்கர்கள். காலையில் ஒலிச் சோதனைக்காகத் தன் தனி வாசிப்பின் முதல் மூன்று சுற்றுகளை வாசித்துக் காட்டினாள். மண்டைக்குள் ஒலிப்பதே பெரிதாக இருக்கும்போது ஸ்பீக்கரில் வருவதை வாசிப்பவளால் பிரித்தறிய முடியாது; அது எதிர்ப் படிக்கட்டில் பட்டுத் திரும்பும்போதுதான் காதுக்கு வரும். அப்படித் திரும்பி வந்த ஒலியின் நடுவில், நீண்ட மூன்றாம் சுற்றுக்கு முன்னால், மூக்கை உறிஞ்சி இழுத்த ஒரு மூச்சு இருந்தது. அவள் அங்கே மூச்சு இழுக்கவில்லை. அடக்கி வைத்திருந்தாள். அந்த இடத்தை ஒரே மூச்சில் கடப்பதற்காகவே எத்தனை மாலைகள் பழகியிருக்கிறாள். ஒருவேளை தன்னையறியாமல் இழுத்துவிட்டேனோ? ஒருவேளை ஸ்பீக்கர் இரைச்சலாக இருக்குமோ? ஒருவேளை பக்கத்தில் யாராவது... ஒருவேளை என்ற சொல்லை எத்தனை தடவைதான் ஒருத்தி முட்டுக் கொடுத்து நிறுத்துவாள். மூச்சு அவளுடையதுதான். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல அதை அவள் அறிவாள்.

மைக்கைப் பற்றி அவளுக்கு ஒரு கொள்கை உண்டு, அந்தக் கொள்கையை அவளுக்குக் கொடுத்தவள் ஹெப்சிபா. இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். இந்த முரசணியை வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கேட்டு இருவரும் சேர்ந்தே கட்டினார்கள். ஹெப்சிபா வெள்ளிப் பூண் போட்ட கோலைப் பிடித்து முன்னால் நடக்கும் தலைவியானாள், தமயந்தி கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை பொருத்துகிற வேலை முடிந்து மாலையில் ஓடி வந்து வரிசையில் நின்றாள். எந்த வாத்தியமானாலும் சரி, ஓர் அணிக்கு ஒரே ஒரு தனிக்கலைஞர் மைக் வைத்து வாசிக்கலாம் என்று போட்டிக் குழு இந்த ஆண்டு விதியைத் தளர்த்தியபோது மற்ற அணிகள் மின்சார வயலினையும் கிதாரையும் தேடிப் போயின. ஹெப்சிபா மட்டும் இவளுடைய மோர்சிங்கைக் கொண்டுபோய் நிறுத்தினாள். குழுவில் இருந்த பழைய ராணுவ பேண்டு மாஸ்டர் ஒருவர் சிரித்தார். "ஏம்மா, நாப்பது முரசுக்கு நடுவுல இந்தச் சாவியையா ஊதப் போறீக?" என்றார். "ஊத மாட்டா சார், சுண்டுவா," என்றாள் ஹெப்சிபா. "உங்களுக்குக் கேக்கலைன்னா குத்தம் அவகிட்ட இல்ல, தூரத்துகிட்ட. ஊமைக்கு நாங்க மைக் கேக்கல. மெல்லப் பேசறவளுக்குக் கேக்கோம்." அந்த வாக்கியத்தைத் தமயந்தி தன்னுள் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். கடையில் வில்லையைத் துடைக்கும்போதெல்லாம் அது நாவில் வரும். அதைத் தானே இன்னும் கொஞ்சம் வளர்த்தும் வைத்திருந்தாள்: பெரிதாக்குவது வேறு, பதிலாக நிறுத்துவது வேறு. வில்லை எழுத்தைப் பெரிதாக்குகிறது, எழுத்தை எழுதுவதில்லை. மைக்கும் அப்படித்தான். சின்னது சின்னதாகவே இருக்கலாம். ஆனால் உண்மையாக இருந்தால் அதைத் தூரத்தில் இருப்பவரிடம் கொண்டு சேர்ப்பது தருமம். இப்படி நினைத்து நினைத்து அவள் தன் மோர்சிங்குக்கே ஒரு பெருமையை உண்டாக்கியிருந்தாள், அந்தப் பெருமையின் அடியில் ஹெப்சிபா நின்றாள், ஹெப்சிபாவை உருவி எடுத்துவிட்டால் மேலே இருப்பதெல்லாம் எதன்மேல் நிற்கும்? வேண்டாம். அந்த மூச்சைப் பற்றியே நினைப்போம். அன்று சளி பிடித்திருந்தது.

சளி பிடித்திருந்தது, ஆமாம், நினைவு அங்கேதான் போய் முட்டிக்கொண்டிருந்தது, கதவைத் திறக்காமல் கதவின்மேலேயே தலையை வைத்துக்கொண்டிருந்தது. முன்பல்லில் விரிசல் விழுந்து உறை போட்டபிறகு மோர்சிங்கின் கார்வை, சுண்டியபின் நீளும் அந்த ஒலி, மங்கிவிட்டதாக அவளுக்கு ஓர் அச்சம் ஏற்பட்டது. பீங்கான் உறைமேல் இரும்பை வைத்தால் மணி சற்றுத் தள்ளி, யாரோ அதன்மேல் துணி போர்த்தியதுபோல ஒலித்தது. கணவனிடம் சொல்லவில்லை, சொன்னால் அவர் பல் வைத்தியரிடம் சண்டைக்குப் போவார். அணியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முகங்களில் ஒரு கணக்கு ஓடும். ஹெப்சிபாவிடம் மட்டும் சொன்னாள். அன்றைக்கு ஹெப்சிபா அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, குழந்தையின் வாயைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "ஏட்டி, எனக்கு ஒரு வித்தியாசமும் கேக்கல. நாளைக்கு நம்ம வீட்டுக்கு வா. பதிவு பண்ணிப் போட்டுக் காட்டுதேன், நீயே கேளு. கேட்டா பயம் போயிரும்." வெளிச்சத்தம் புகாமல் ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்ட அவள் வீட்டு அறை, மூக்கடைப்பு, மூன்றாம் சுற்றுக்கு முன் தாங்க முடியாமல் உறிஞ்சி இழுத்த மூச்சு, "பரவால்ல, போ, நிறுத்தாத" என்று ஹெப்சிபா கையைச் சுழற்றியது. கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது. பயமும் போயிற்று. ஓர் அச்சத்தை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது நாம் எதை ஒப்படைக்கிறோம் என்று தெரிந்தா ஒப்படைக்கிறோம்? நம்முடைய பலவீனம் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிவிடுகிறோம். நல்லவர்கள் அங்கே மருந்து வைப்பார்கள் என்றே நம்புகிறோம். நம்பாமல் எப்படி வாழ்வது? நம்பிக்கை கெட்டுப்போன மனிதனைக் காட்டிலும் நம்பவே பழகாத மனிதன் ஏழை, இதை அவள் இப்போதும் விடுவதாக இல்லை. ஆனாலும் அந்த மூச்சு கம்பளி அறையில் இருந்தது. கம்பளி அறையில் இருந்தது எப்படி மைதானத்துக்கு வந்தது?

இடுப்புக்குக் கை போயிற்று. போகவேண்டாம் என்றால் கேட்கிற கையா அது. பெட்டியின் மூடியை நகத்தால் நெம்பினாள். பேட்டரி இருக்கவேண்டிய பள்ளம் வெறுமையாக இருந்தது. சின்னச் சுருள்கம்பி ஒன்று எதையும் அழுத்தாமல் நீட்டிக்கொண்டு நின்றது. காலையில் பெட்டியைக் கொடுக்கும்போது, ஒலிப்பலகையைக் கவனிக்கும் இசக்கி, "பேட்டரியெல்லாம் நான் பாத்துக்கிடுதேன் மேடம், நீங்க மூடியத் தொறக்காதீக, தூசி போயிரும்," என்று சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்காமல் வயர்களைப் பார்த்தே சொன்னான் என்பது இப்போது நினைவுக்கு வந்தது. அப்போது அவனைக் கூச்ச சுபாவி என்று எண்ணி மனதுக்குள் பாராட்டினாள். அவளுக்குப் பின்னால் பெருமுரசைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்ற சண்முகக்கனி, வங்கியில் வேலை பார்க்கிற, எதற்கும் வாய் சும்மா இராத பெண், எட்டிப் பார்த்தாள். "யக்கா, இடுப்புல என்ன தேடுதிய? தாலிச் சங்கிலியத் தொலைச்சிட்டியளா?" "ஒண்ணுமில்ல கனி." "ஒண்ணுமில்லன்னு சொல்லுத மூஞ்சியப் பாரு. எனக்குந்தான் பயமா இருக்கு. இந்த முரசத் தூக்குனா ஒரு வசதி, பயந்த ஆளு பின்னால ஒளிஞ்சிக்கிடலாம்." தான் சிரித்ததாகவே தமயந்தி நினைத்தாள், உதடு அசைந்ததா என்று தெரியவில்லை. வரிசையின் முன்னாலிருந்து ஹெப்சிபா ஒவ்வொருத்தியின் தொப்பி இறகையும் நிமிர்த்திக்கொண்டே வந்தாள். அவளுடைய விரல் தன் தொப்பியைத் தொட்டபோது தமயந்தி மூடி திறந்த பெட்டியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். ஹெப்சிபா பார்த்தாள். இறகைச் சரிசெய்து முடித்துவிட்டுத்தான் பேசினாள். "இத எதுக்குட்டி தொறந்த?" அந்தக் கேள்விக்கு முன்னால் இவள் தயாரித்து வைத்திருந்த எல்லாக் கேள்விகளும் பயனற்றுப் போயின. "காலையில நான் மூச்சு இழுக்காத எடத்துல எம் மூச்சு கேட்டுச்சு, ஹெப்சி." "சத்தம் போடாத. ஒனக்காவத்தான் செஞ்சேன். போன மாசம் மதுரையில மைக் கீச்சுன்னு கத்தி ஒரு அணியே அம்போன்னு போனதப் பாத்தியா இல்லியா? ஒம் பல்லு வேற. நீயும் வாசி, யாரு வேண்டாம்னா? வாயில வச்சு வாசி. எவளுக்குத் தெரியப் போவுது?" "பதிவு போடக்கூடாதுன்னு விதி இருக்கு." "விதிய எழுதுனவனுக்குப் பல்லு ஒடையலட்டி." "என்கிட்ட கேட்டிருக்கலாம்லா." ஹெப்சிபாவின் முகம் ஒரு கணம், ஒரே கணம், கல்லூரி பெஞ்சின் முகமாக மாறி, உடனே தலைவியின் முகமாகத் திரும்பியது. "கேட்டா நீ மாட்டேன்னுருவ. நாப்பது பிள்ளைகளுக்கும் சேத்து நீ ஒருத்தி மனசாட்சி வச்சிருக்கியா? நேரா நில்லு. வாசல் தொறக்கப் போறாவ." பெட்டியின் மூடியை அவளே அழுத்தி மூடி, தமயந்தியின் இடுப்பில் மாட்டி, தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். தட்டிக் கொடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

வாசல் திறந்தது, வெயில் முகத்தில் அறைந்தது, கோல் உயர்ந்தது, இறங்கியது, நாற்பது முரசுகளும் ஒரே முரசாக இடித்தன, கால்கள் தாமாக நடந்தன. உடம்பு பழக்கத்தின் வேலைக்காரன். மனம் உடைந்து கிடந்தாலும் அது இடக்காலை முதலில் வைக்கும். படிக்கட்டுகளில் கூட்டம் வண்ணக் கலவையாக மிதந்தது. நடுவர்கள் வெள்ளைப் பந்தலின் கீழே, தண்ணீர்ப் பாட்டில்களுக்குப் பின்னால். ஓரத்தில் மேசைக்கு அப்பால் இசக்கி, குனிந்த தலை. அவளுக்கு முன்னால் ஹெப்சிபாவின் முதுகு, சரியாக நேராக, தையலில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். இந்த முதுகைப் பார்த்துத்தானே இத்தனை ஊர்களில் நடந்தாள். கதை சொல்லித்தான் ஹெப்சிபா அணியை ஆள்வாள். ஞாயிறுதோறும் சபைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிய வாய். கடினமான அடிகள் வரும்போது குச்சியை மட்டும் அசைத்து, தோலைத் தொடாமல், காற்றில் அடித்து ஏமாற்றிய ஒரு பிள்ளையைப் பயிற்சியின் நடுவே நிறுத்திவைத்து ஒரு கதை சொன்னாள். ஓர் ஊரில் காவல்காரன் ஒருவன் இருந்தானாம். இரவெல்லாம் தெருத்தெருவாக எச்சரிக்கை கூவிக்கொண்டு போவானாம். ஒரு மழைக்காலத்தில் அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவனிடம் ஒரு மைனா இருந்தது; கூண்டை நாற்சந்தியில் தொங்கவிட்டான், அது அவன் குரலிலேயே கூவியது. ஊர் நிம்மதியாக உறங்கியது. காவல்காரனும் உறங்கினான். கூவுகிறவன் நடக்கவில்லை என்பதைக் கண்டுகொண்ட ஒரே ஒரு ஆள் கள்ளன். "கூப்பாடு நிக்காம கேட்டுச்சு, ஆனா காவல் இல்ல. புரியுதா பிள்ள?" என்றாள் ஹெப்சிபா. அந்தப் பிள்ளை அழுதது. அன்றைக்குத் தமயந்தி தன் தோழியை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தாள். இப்போது கேட்கத் தோன்றியது: அந்தக் காவல்காரனிடம் கேட்காமலே மைனாவைப் பழக்கியவள் யார்? அவன் தொண்டை கட்டியிருந்த நாளில் அருகில் இருந்து கஷாயம் கொடுத்தவளா? கஷாயம் கொடுக்கும்போதே அவன் குரலைக் களவாடினாளா, கொடுத்த பிறகா? அன்பு எந்த இடத்தில் முடிந்து களவு எந்த இடத்தில் ஆரம்பித்தது என்பதை ஹெப்சிபாவே அறிவாளா? அறிந்திருக்க மாட்டாள். அதுதான் பயங்கரம். தீயவர்கள் செய்தால் தப்பித்து ஓடலாம். நமக்காகச் செய்தவரிடமிருந்து எங்கே ஓடுவது. மனிதர்களே, ஒருவருக்கு நன்மை செய்ய நினைத்தால் முதலில் அவரைக் கேளுங்கள், கேட்காமல் செய்த நன்மையில் பாதி அவமதிப்பு, என்று அவள் யாருக்கோ உபதேசித்துக்கொண்டு நடந்தாள், கால்கள் வலப்பக்கம் திரும்பின, முரசுகள் விரைந்தன, உபதேசம் முரசுக்குள் அமிழ்ந்து போயிற்று. சும்மா இருந்துவிட்டால் என்ன? வாயில் வைத்து வாசித்துவிட்டால்? ஒலிப்பது தன்னுடைய வாசிப்புத்தானே, கடன் வாங்கியது இல்லையே. கனி வங்கியில் விடுப்புக் கிடைக்காமல் சண்டை போட்டு வந்திருக்கிறாள். வரிசைக் கடைசியில் இருக்கும் நர்ஸ் பெண் தூங்காமல் வந்திருக்கிறாள். அவர்கள் யாருக்கும் தெரியாது. தெரியாதவர்களைத் தண்டிக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இதையும் கேட்காமல்தானே செய்யப்போகிறேன்? என்ன செய்யப்போகிறேன்?

முரசுகள் நின்றன. சிறு முரசுக்காரிகள் முழந்தாளிட்டுக் குச்சிகளை மார்பில் குறுக்காக வைத்தார்கள். பெருமுரசுகள் மட்டும் பின்னால் நின்றன. நடுவில் தமயந்தி. ஹெப்சிபா அணியை நோக்கித் திரும்பி, கூட்டத்துக்கு முதுகு காட்டி, கோலைத் தலைக்குமேல் பிடித்தாள். தமயந்தி மோர்சிங்கைப் பல்லில் பொருத்தி விரலை உயர்த்தினாள், சுண்டவில்லை, சுண்டுவதா என்று விரல் இன்னும் அவளையே கேட்டுக்கொண்டிருந்தது, அதற்குள் ஒலி பிறந்துவிட்டது. ஸ்பீக்கர்களிலிருந்து பெருகி, புல்மேல் ஓடி, படிக்கட்டில் ஏறி, கூட்டத்தை எழுப்பியது. எவ்வளவு நன்றாக இருந்தது. அதுதான் அவளை அதிகம் காயப்படுத்தியது. கம்பளி அறையில் தோழியை எதிரே வைத்துக்கொண்டு, பயத்தை அவள் மடியில் இறக்கிவைத்த நிம்மதியில் வாசித்த வாசிப்பு அது. இந்தப் பல்லாலும் இந்த மனதாலும் இப்போது அப்படி வாசிக்க முடியாது. அவளைவிட அவள் நன்றாக வாசித்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் எழுந்தது, யாருக்கு? அடக்கி அடக்கிப் பழகிய அந்த இடம் வந்தது. அவள் சளி மூக்கை உறிஞ்சுவது மைதானம் முழுதும் கேட்டது. தமயந்தி மோர்சிங்கைப் பல்லிலிருந்து எடுத்துக் கையைத் தொடையோடு தொங்கவிட்டாள். எப்போது தீர்மானித்தாள் என்று பின்னால் யாரேனும் கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஒலி தொடர்ந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள், ஒலி தொடர்ந்தது. முழந்தாளிட்டிருந்த பெண்களில் ஒருத்தி முதலில் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு அடுத்தவள். படிக்கட்டில் கைதட்டல் ஓரிடத்தில் தேய்ந்து, இன்னோரிடத்தில் சிரிப்பாகி, ஒரு விசில் பறந்தது. பந்தலில் நடுவர் ஒருவர் எழுந்து நின்றார். இசக்கியின் கை பலகைமேல் பாய்ந்தது. ஒலி நடுச்சுற்றில் அறுந்தது. இப்போது மைதானத்தில் வெயில் மட்டும் இருந்தது. நர்ஸ் பெண் தலைகுனிந்து அழுதாள். அந்த அழுகைக்குக் காரணம் ஹெப்சிபா என்று சொல்லிக்கொள்ளத் தமயந்தி முயன்றாள், பாதிதான் முடிந்தது. ஹெப்சிபா அசையவில்லை. அவளுடைய கண்ணில் தமயந்தி கோபத்தைத் தேடினாள். அங்கே இருந்தது தனக்கு இழைக்கப்பட்ட துரோகத்தைப் பார்க்கிறவளின் திகைப்பு. ஒரே துரோகத்தை இருவரும் எதிரெதிரே நின்று ஒருவர் முகத்தில் மற்றவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து சண்முகக்கனியின் குரல் கேட்டது, தாழ்ந்து, கசந்து, கேலியெல்லாம் வடிந்துபோய். "இப்படிக் கெடுத்துப்புட்டு மரமாட்டம் நிக்காதிய யக்கா. வாசிங்க. எங்களுக்காவது கேக்கட்டும்." தமயந்தி இரும்பைப் பல்லில் வைத்தாள். சுண்டினாள். மண்டைக்குள் மங்கலாக, துணி போர்த்தியதுபோல, நடுக்கத்துடன் அது ஒலித்தது. படிக்கட்டில் இருந்தவர்களுக்கு ஒருத்தி வாயருகே விரலை ஆட்டுவது மட்டும் தெரிந்திருக்கும். முழந்தாளிட்டிருந்தவர்களில் அருகில் இருந்த சிலர் தலையைச் சாய்த்தார்கள். மூன்றாம் சுற்றை ஒரே மூச்சில் கடந்தாள், கடைசித் தட்டில் கொஞ்சம் பிசகியது, பிசகலோடேயே முடித்தாள். இங்கே பெருமுரசுகள் பதில் சொல்லவேண்டும். கோல் இறங்கினால்தான் சொல்லவேண்டும். ஹெப்சிபாவின் தூரத்துக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஆனால் தமயந்தியின் விரலை அவள் அறிவாள். எங்கே முடிகிறது என்பதைக் கண்ணாலேயே எண்ணத் தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். கோல் தலைக்குமேலேயே நின்றது. இறங்கவில்லை. தமயந்தி காத்திருந்தாள், இன்னும் காத்திருந்தாள். பின்னால், கட்டளை இல்லாமல், தனியாக, ஒரு பெருமுரசு இடித்தது.